செண்பகத்தின் தையல் கடை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ராஜி செல்போனைத் திறந்தபோது எழுபத்திரண்டு செய்திகள் குவிந்து கிடந்தன. அவற்றில் நாற்பது வெறும் கூப்பிய கைகள். 'கமலவேணி வாசகர் வட்டம், புனே' என்ற அந்த வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்த நாளை அவள் மனதுக்குள் இன்னொரு முறை திட்டினாள்.

நாவலாசிரியர் கமலவேணிக்கு வயது எண்பத்திரண்டு. புனேயின் கராடிப் பகுதியில் மகன் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு மணி நேரம் வாசகர்களைப் பார்க்கிறேன், ஆனால் பொன்னாடை வேண்டாம், சொற்பொழிவு வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ராஜி அதை மூன்று தடவை குழுவில் போட்டாயிற்று. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற வெங்கடேஸ்வரன், பொன்னாடை பச்சையா அரக்கா என்று கேட்டார். தங்கராஜ் அண்ணாச்சி, தமது வரவேற்புரை பதினான்கு பக்கத்துக்குள் அடங்கிவிடும் என்று தைரியம் சொன்னார். கராடியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் வைஷு, "ஆன்ட்டி, பார்க்கிங் இருக்கா?" என்று ஐந்தாவது முறையாகக் கேட்டிருந்தாள்.

"இதுல ஒருத்தராவது அந்தம்மா எழுதினதப் படிச்சிருக்காங்களான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு," என்று ராஜி பொரிந்தாள்.

"படிச்சதுனாலதான் இந்த ஆட்டம் ஆடுதாங்க," என்றார் அவள் கணவர் பாலச்சந்திரன். அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது.

ராஜி தென்காசிக்காரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி புனே கட்கியில் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸுக்கு வந்து முப்பத்துமூன்று வருஷமாகிறது. விஷ்ராந்த்வாடியில் வீடு வாங்கி வந்து பத்து வருஷம். கூட்டத்துக்கு அந்தக் குடியிருப்பின் கூடத்தைத்தான் கேட்டு வாங்கியிருந்தாள். "ஏக் பஜே தக் காலி கர்னா, மேடம்," என்று, ஒரு மணிக்குள் காலி பண்ணச் சொல்லி, செயலாளர் காலையிலிருந்து இரண்டு முறை வந்து எச்சரித்துவிட்டுப் போனார்.

பத்தரைக்குக் கமலவேணி வந்து இறங்கினார். ராஜி தடுப்பதற்குள் வெங்கடேஸ்வரன் தூணுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்து அரக்குப் பொன்னாடையைப் போர்த்தினார். அந்தம்மா அதை எடுத்து நான்காக மடித்து, பிளாஸ்டிக் நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். தங்கராஜ் தொண்டையைக் கனைத்து முதல் பக்கத்தை எடுத்தார். ராஜி ஜாடை காட்டினாள். கையை ஆட்டினாள். கடைசியில் முறைத்தும் பார்த்தாள். அவர் நாலாவது பக்கத்துக்குப் போய்விட்டார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாவுது. அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்."

கட்கி பவுன் அக்கா.

பவுனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் இருந்தவள். ராஜியின் அண்ணன் தென்காசியிலிருந்து வாராவாரம் தபாலில் அனுப்பும் பத்திரிகையில் கமலவேணியின் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. குழாயடியில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு ராஜி வாசிப்பாள், பவுன் கேட்பாள். கதாநாயகி செண்பகம் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ரயிலேறியதுவரை ஒழுங்காக வந்த பத்திரிகை, முடிவு வரவேண்டிய வாரம் வரவில்லை. பவுன் நாலு நாள் பிடுங்கி எடுத்தாள். பொறுக்கமாட்டாமல் ஐந்தாம் நாள் ராஜி ஒரு பழைய இதழை விரித்து வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததை வாசித்துவிட்டாள்.

"கடைசியில செண்பகம் நாக்பூர்ல தையல் கடை வச்சா பாருங்க," என்றாள் பவுன், "அதுதாம்மா எனக்கு உசுரு. அத கேட்டுட்டுதான் நானும் என் வூட்டுக்காரர்கிட்ட மல்லுக்கட்டி மிஷின் வாங்கினேன். இன்னிக்கும் கட்கி பஜார்ல ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறேன்."

கூடத்தில் சலசலப்பு. "அப்படியொரு முடிவே கிடையாதே!" என்றார் வெங்கடேஸ்வரன். "செண்பகம் புருஷன்கிட்டயே திரும்பிப் போயிடறா. எந்தப் பதிப்புல படிச்சீங்க?"

"ராஜிதான் படிச்சுக் காட்டுச்சு."

நாற்பது தலைகள் திரும்பின. இத்தனை வருஷம் யாரும் கேட்காத கேள்வியை இன்றைக்குத்தானா கேட்க வேண்டும்!

"நாந்தான் இட்டுக்கட்டினேன்," என்றாள் ராஜி. "புத்தகம் வரல. இவுக நச்சரிப்புத் தாங்கல. மன்னிச்சிருங்கம்மா."

கமலவேணி அவளைப் பார்க்கவே இல்லை. பவுனைப் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார்.

"நாக்பூர்ல கடை எங்க இருந்தது?"

"ஸ்டேஷனுக்கு எதிர்க்க, மாடியில. ஜன்னலாண்ட மிஷின்."

"முதல்ல என்ன தைச்சா?"

"ரவிக்கை. ஒரு கை நீட்டு, ஒரு கை குட்டை. எடுத்துக்கினு போனவ திரும்பி வந்து கத்தினா."

அந்தம்மா கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். பிறகு இன்னொன்று கேட்டார், அதற்கும் பிறகு இன்னொன்று. ராஜி சொல்லாததையெல்லாம் பவுன் முப்பது வருஷத்தில் சேர்த்து வைத்திருந்தாள். செண்பகத்தின் கடையில் இப்போது மூன்று பெண்கள் வேலை பார்க்கிறார்கள். சாயங்காலம் கடையைச் சாத்துமுன் நாலு பேருமாக மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். வைஷு தரையில் சம்மணம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரம் என்றவர் பன்னிரண்டே முக்காலுக்குத்தான் எழுந்தார்.

காரில் ஏறுமுன் ராஜியிடம் சொன்னார்: "நான் அவளத் திருப்பி அனுப்பினது எனக்கே பிடிக்கலம்மா. அன்னிக்கு வேற ஒண்ணும் தோணல."

கார் கிளம்புவதற்குள் வெங்கடேஸ்வரன், பொன்னாடை நாற்காலியிலேயே கிடக்கிறதே என்று அவள் தோளைத் தட்டினார்.

அன்று சாயங்காலம் குழுவில் சண்டை. வாசகி முடிவை மாற்றலாமா என்று ஒரு கட்சி, மாற்றினால் என்ன என்று ஒரு கட்சி. மிச்சம் பத்துப் பக்கத்தையும் தங்கராஜ் பத்துக் குரல்பதிவாக அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு ராஜி வீடு திரும்பினால், வாசலில் பவுன்.

"நெசமான முடிவு எதுவோ அதப் படி. கேப்போம்."

ராஜி முகம்கூடக் கழுவாமல் அலமாரியிலிருந்து நாவலை எடுத்துக் கடைசி அத்தியாயத்தை வாசித்தாள். பவுன் தாடையில் கைவைத்துக் கேட்டாள்.

"இது இன்னாடி, நல்லாவே இல்ல? பாவம், அந்தம்மாவுக்கு அன்னிக்கு ஒடம்பு சரியில்லையோ என்னமோ."

"அக்கா, எனக்கு நாப்பது பேப்பர் திருத்தணும்."

"திருத்து, திருத்து. அதுக்கு முன்னால அடுத்த கதைய எடு. முடிவு வரும்போது நான் சொல்றேன், எத படிக்கணும்னு."