அரிவாளில் படிந்த செம்பு

ஒரு ரசாயன ஆலையில், இருபது ஆள் உயரக் கோபுரங்களுக்கு நடுவே வேலை பார்க்கிறேன். கண்ட்ரோல் ரூம் திரையில் எண் சரியாக இருந்தாலும் நானே இறங்கிப் போய் சோதித்துப் பார்க்க ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்து வருவேன். கூட இருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். கண்ணை மூடினால் எனக்குத் தெரிவது ஒரு டிரம் நிறைய நீலம்.

கம்பத்தில் எங்கள் திராட்சைத் தோட்டம். விடியலில் பந்தலுக்குக் கீழே வெளிச்சம்கூடப் பச்சையாகத்தான் இறங்கும். மலையிலிருந்து வந்த மேகம் கொடிகளுக்குள் புகுந்து, போக மனமில்லாமல் நிற்கும். அங்கேதான் என் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் அத்தா, மயில்துத்தம் என்கிற நீலச் செம்பு உப்பைக் கரைத்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற்றி, இலைநோய்க்கு மருந்து கலக்குவார். கடைசியில், தேய்த்துப் பளபளப்பாக்கிய அரிவாளை அதில் முக்கி எடுப்பார். இரும்பில் செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அடித்தால் இலை கருகும். மருதாணி வைத்தது போன்ற அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூட நேரத்தை மறந்திருக்கிறேன். அந்த மயக்கத்தில்தான் கெமிக்கல் இன்ஜினியரிங் எடுத்தேன். ஊரே கம்ப்யூட்டர் பின்னால் ஓடிய காலம். "பொம்பளப்பிள்ளைய மருந்து கம்பெனிக்கா அனுப்பப் போறீக?" என்று அத்தாவைக் கேட்காத ஆளில்லை.

மூன்றாம் ஆண்டு விடுமுறையில், "நான் கலக்குறேன் அத்தா" என்றேன். எடை போட்டேன், நோட்டில் கணக்குப் போட்டேன்.

"அருவா வேணாமா தாயி?"

"அதான் கணக்குப் போட்டாச்சுல்ல."

என்ன திமிர்! சுண்ணாம்பு மூட்டை மாதக்கணக்கில் வாய் திறந்து கிடந்து, காற்றுப் பட்டு வீரியம் போயிருந்தது. அது ஏன் போகும் என்று பரீட்சையில் ஒரு பக்கம் எழுதியவள் நான்.

நாலாம் நாள், அந்த மருந்து அடித்த இரண்டு வரிசைக் கொடிகளும் கருகின. பிஞ்சுக் கொத்துகளில் துருப் போலப் புள்ளிகள். பந்தலுக்குள் உட்கார்ந்து அழுதேன். இந்தப் படிப்பு எனக்கு எதற்கு, விட்டுவிடலாம் என்றே தோன்றியது. அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டக்காரர் குரல் கேட்டது.

"என்ன மாமா, கருகிப்போச்சு? இன்ஜினியர் கலக்குனாகளோ?"

"அவ நேத்துச் சாயங்காலந்தேன் ஊருக்கு வந்தா. நாந்தேன் பராக்குப் பாத்துக்கிட்டே கலக்கிட்டேன் மாப்ள."

அத்தா ஐந்து வேளை தொழுகிற மனிதர். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். கருகிய கொடிகளைவிட அதுதான் என்னைச் சுட்டது.

அடுத்த மருந்துக்கு என்னையே கூப்பிட்டார். புதுச் சுண்ணாம்பு வாங்கி வைத்திருந்தார். கலக்கினேன். அரிவாளை முக்கினேன், லேசாகச் சிவந்தது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டேன். தேய்த்துத் துடைத்து மறுபடி முக்கி, மனதுக்குள் அறுபது எண்ணி எடுத்தேன்.

"செவக்கல அத்தா."

அரிவாளை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை, பார்க்கவும் இல்லை. வாளியை எடுத்து மருந்தை மொண்டுகொண்டு கொடிகளைப் பார்த்து நடந்தார்.