செங்கம் ரோட்டில் பன்னா கோட்டா

1. ஃப்ரிட்ஜின் அடியில்

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஃப்ரிட்ஜ் கதவின் அடியிலிருந்து தரையில் இறங்கியிருந்த ஒரு வெள்ளைக் கோடு. அடுப்பு மேடை வரை ஓடி அங்கே தேங்கியிருந்தது. கோட்டின் இரண்டு பக்கமும் எறும்பு.

கதவைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை. மேல் தட்டு முழுக்கப் பீங்கான் தட்டுகள். முந்தின நாள் மாலை அவற்றில் குலுங்கிக்கொண்டு நின்ற புட்டிங்குகள் இப்போது வெறும் இனிப்புப் பால். தட்டு நிறைந்து, வழிந்து, கதவிடுக்கு வழியாக வெளியே வந்திருந்தது. கீழ்த் தட்டில் நான்கு புட்டிங்குகள் மட்டும் கவிழ்த்த கோலத்திலேயே நின்றன.

இது நடந்தது செங்கம் ரோட்டில், மாடியில் இருந்த ஒரு கஃபேயில். நான் அங்கே மேனேஜர். அதற்கு முன் பல வருடம் பத்திரிகை டெஸ்க்கில் இருந்தவன் என்பதால், முதலாளி பாஸ்கர் வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம எடிட்டர் சார்" என்று என்னைக் காட்டுவார். நான் எடிட்டராக இருந்ததில்லை. திருத்தினாலும் அவர் கேட்டுக்கொள்வதில்லை.

கஃபே வைக்கப் போகிறோம் என்று இளைஞர்கள் இப்போது அடிக்கடி வந்து யோசனை கேட்கிறார்கள். பெரும்பாலும் சுவருக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்காக அந்த வாரத்தை மட்டும் எழுதி வைக்கிறேன்.

2. செஃப் வந்தார்

பாஸ்கர் வேங்கிக்கால் பக்கம் மனை போட்டு விற்றவர். மே மாத வெயிலில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது: இத்தாலியன் டெசர்ட். அதிலும் பன்னா கோட்டா. பாலையும் க்ரீமையும் சர்க்கரையோடு சூடாக்கி, உறைய வைக்கிற பொருள் ஒன்றைக் கலந்து, கப்பில் ஊற்றிக் குளிர வைத்துத் தட்டில் கவிழ்ப்பது. பண்டம் அவ்வளவுதான்.

ஆசிரமங்களைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் இந்த ஊருக்கு வருவது குளிர் மாதங்களில். வெயில் ஏறியதும் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். ஒருவரைத் தவிர இத்தாலிக்காரர்கள் எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு பாஸ்கர் இத்தாலியப் பண்டத்தைத் தொடங்கினார். இதைச் சொன்னேன்.

"வெள்ளைக்காரன் இல்லன்னா இன்னா சார்? நம்ம ஜனம் சாப்பிடும். வெயில் ஜாஸ்தியாச்சுன்னா ஜில்லுனு எதுனா கேப்பாங்க இல்ல?"

கேட்டார்கள்தான். மோர் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

செஃப் சென்னையிலிருந்து காரில் வந்தார். முழங்கை வரை பச்சை குத்தியிருந்தார். இரண்டு நாள் ட்ரெயினிங். அதில் முதல் நாள் பாதி, கிச்சனில் எங்கே நின்றால் வீடியோ நன்றாக விழும் என்று பார்ப்பதில் போனது. மறுநாள் காலை பையிலிருந்து கண்ணாடிக் காகிதம் போன்ற தகடுகளை எடுத்துத் தண்ணீரில் ஊற வைத்தார். தகடுகள் வந்தது ஒரு சாதாரண பிளாஸ்டிக் கவரில். அதன்மேல் எழுத்து எதுவும் இல்லை.

"இது என்னங்க?"

"ஜெலட்டின் சார். இதான் செட் பண்ணும்."

"எதிலிருந்து எடுக்கறாங்க?"

"கொலாஜன்."

"கொலாஜன் எதிலிருந்து?"

"அது ஒரு புரோட்டீன் சார். ஸ்கின்னுக்கு ரொம்ப நல்லது."

"யாரோட ஸ்கின்னிலிருந்து?"

செஃப் சிரித்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மாட்டின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது என்பது அவருக்குத் தெரியும். கஃபே வாசலில் "நூறு சதவீதம் சுத்த சைவம்" என்ற போர்டுக்குக் கீழே நின்று அவர் செல்ஃபி எடுத்ததை நான் பார்த்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. செஃப் சென்னைக்குக் கிளம்பிய பிறகு, மாலையில் பாஸ்கரும் அவர் மனைவியும் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்து, முதலில் செட்டான இரண்டு கப்பை எடுத்துச் சாப்பிட்டார்கள். நான் பக்கத்தில் போய் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாஸ்கர் கப்பின் அடியை ஸ்பூனால் வழித்துக்கொண்டே கையைக் காட்டினார்.

"செஃப்புக்குத் தெரியாததா சார்? அப்புறம் பேசுவோம்."

மிச்சத்தையெல்லாம் தட்டில் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார். காலை வெளிச்சத்தில் போட்டோ எடுக்கவேண்டுமாம்.

3. கமலா

கமலா அந்தக் கிச்சனில் சமையல் வேலை பார்த்தவர். செங்கம் ரோட்டிலேயே ஒன்பது மைல் தள்ளி ஒரு கிராமம். கஃபே மூடும்போது இரவு பத்தரை ஆகும். அதற்குள் கடைசி பஸ் போய்விடும். கொழுந்தனார் பைக்கில் வந்து கூட்டிப்போவார். அந்த பைக்கைப் பற்றிக் கொழுந்தனார் பொண்டாட்டி தினம் ஒரு பேச்சுப் பேசுவாள் என்பது கிச்சனில் எல்லோருக்கும் தெரியும்.

பாஸ்கர் அந்த வாரம்தான் கிச்சன் இன்சார்ஜ் என்று ஒரு பதவியை உண்டாக்கியிருந்தார். இன்சார்ஜுக்குக் காலை ஷிஃப்ட். நாலு மணிக்கு வீட்டுக்குப் போகலாம்.

"கமலாம்மா, இந்தப் புட்டிங் உங்க கைக்கு வந்துடுச்சுன்னா நீங்கதான் இன்சார்ஜ். வரலைன்னா செஃப் ஒரு பையன அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு. ஞாயித்துக்கெழம மார்க்கோ சாரைக் கூப்பிட்டுருக்கேன். அவரு சாப்ட்டுப் பார்த்து சொல்றதுதான்."

மார்க்கோ என்பவர் வெயிலுக்குப் பயந்து ஓடாமல் ஊரில் தங்கிவிட்ட ஒரே இத்தாலிக்காரர். வேட்டி கட்டி, செருப்பில்லாமல் நடப்பார். பன்னா கோட்டா பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் விசாரிக்கவில்லை. இத்தாலிக்காரர் என்பதே பாஸ்கருக்குப் போதுமான தகுதி.

கமலா என்னிடம் சொன்னது: "எனக்குப் பட்டமெல்லாம் வாணாம் சார். பஸ்ல வூட்டுக்குப் போவணும். அவ்ளோதான்."

ஊறிய ஜெலட்டினை மோந்து பார்த்துவிட்டு, "ஆட்டுக்கால் சூப் வாசனை வருது" என்றார். அது என்ன என்று சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டார்.

"நான் வூட்ல கோழி அடிக்கிறவ. எனக்கு ஒண்ணும் இல்ல. வெளிய போர்டுல இன்னா எழுதிக் கீது? படிச்சவரு, நீங்களே சொல்லுங்க."

அன்றைக்கே மார்க்கெட் பக்கம் ஒரு பாய் கடையில் நோன்பு மாதத்துக்கு வாங்கி மிச்சமிருந்த கடல்பாசியை, கடலில் விளைகிற சைவ ஜெலட்டினை, வாங்கிவந்து, நான்கு கப் தனியாகப் போட்டார். கீழ்த் தட்டில் நின்றவை அவை.

4. மெயின்

இனி சனிக்கிழமை காலை. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஆகவில்லை. மெயின் சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது.

பாஸ்கரின் அப்பா தேரடி வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். அங்கே கடை சாத்துவது என்றால் சாமி படத்துக்குச் சூடம் காட்டி, மெயினை இறக்கி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பது. பாத்திரக்கடைக்கு அது சரி. அலுமினியக் குண்டான் இரவில் கெட்டுப்போகாது. வெள்ளி இரவு வழக்கமாகச் சாத்தும் பையன் லீவு. பாஸ்கரே சாத்தினார். சூடம் காட்டினார், மெயினை இறக்கினார், பூட்டை இழுத்துப் பார்த்தார். ஏழு மணி நேரம், மே மாதம், கதவு ரப்பர் தளர்ந்த ஃப்ரிட்ஜ். ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே கரையும். கடல்பாசி கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால்தான் மறுபடி கரையும்.

பாஸ்கர் வந்து பார்த்தார். மெயினைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

"செஃப் ஏமாத்திட்டான் சார். இது இன்னா சரக்கு?"

இப்போது கேட்கிற நிலையில் இருந்தார். சொன்னேன்.

"எலும்பா?"

"எலும்பும் தோலும்."

"மாட்டுதா?"

"பெரும்பாலும்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "நேத்து வெள்ளிக்கெழம சார்."

வாசல் போர்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதே சரக்கை வரும் வாரம் விற்றிருந்தால் யார் யார் சாப்பிட்டிருப்பார்கள் என்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தலை முழுகி, நெற்றி நிறைய விபூதியோடு ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தார். ஃப்ரிட்ஜின் உள்ளே தெளித்தார். வெளியே மூன்று பக்கம் தெளித்தார். நாலாவது பக்கத்துக்கும் தெளிக்கவேண்டும் என்று ஃப்ரிட்ஜை நகர்த்தச் சொன்னார். நானும் கமலாவும் நகர்த்தினோம்.

"மெயினுக்கும் ரெண்டு சொட்டு தெளிங்க மொதலாளி" என்றார் கமலா. "பாவம், அதுவும் ராத்திரி பூரா இறங்கியே கெடந்துச்சு."

பாஸ்கர் தெளிக்கவில்லை. ஷாக் அடிக்கும் என்றார்.

5. சனிக்கிழமை வேலை

தப்பித்த நான்கும் நன்றாக இருந்தன என்று நினைக்கவேண்டாம். நின்றன, அவ்வளவுதான். கத்தியை வைத்தால் கத்தி எகிறியது. கமலாவுக்குத் தெரிந்த கடல்பாசி, வில்லை போட்டுக் கையில் எடுத்துச் சாப்பிடுவது. லிட்டருக்கு ஒரு கைப்பிடி போட்டிருந்தார். ஏலக்காயும் போட்டிருந்தார்.

அளவைப் பாதியாக்கினோம். அப்போதும் ரப்பர். மறுபடி குறைத்தோம். அந்தத் தடவை கமலா அவசரத்தில் ஃப்ரிட்ஜ் க்ரீமைச் சூடாக்காமல் அப்படியே ஊற்றினார். காய்ச்சிய பாசி சில்லென்ற க்ரீமில் பட்டதும் நூல் நூலாகத் திரிந்தது.

"சேமியா பாயசம்" என்றேன்.

"சிரிங்க சார், சிரிங்க. செஃப் பையன் வந்து சேமியா இல்லாம போடுவான்."

கடைசியில் பிடிபட்டது இது: பாசியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கண்ணுக்குத் தெரியாத அளவு கரையும் வரை தனியாகக் காய்ச்சவேண்டும். பாலும் க்ரீமும் இன்னொரு அடுப்பில் அதே சூட்டில் இருக்கவேண்டும். இரண்டையும் கலந்து, வடிகட்டி, உடனே கப்பில் ஊற்றவேண்டும். தட்டை ஆட்டினால் ஆடவேண்டும், நிறுத்தினால் நிற்கவேண்டும். இதற்குமேல் இதில் ரகசியம் இல்லை. இதைச் சொல்லித்தர யாரும் சென்னையிலிருந்து காரில் வரவேண்டியதில்லை.

மாலையில் பாஸ்கர் வந்து, மேலே டுட்டி ஃப்ரூட்டி தூவி, ரோஸ் எசன்ஸ் ஊற்றி, ஒரு செர்ரி வைக்கச் சொன்னார். கமலா தலையாட்டினார். பாஸ்கர் படியிறங்கியதும் டுட்டி ஃப்ரூட்டி டப்பா பரணுக்குப் போனது.

அன்று இரவு, பாஸ்கர் கை எட்டாதபடி, மெயின் சுவிட்சுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் மாவு டின்னை வைத்துவிட்டுப் போனேன்.

6. நிபுணர்

ஞாயிறு பகல் மொட்டை மாடியில் கூரை நிழல். காற்று அனல். பாஸ்கர் போனை ஸ்டாண்டில் பொருத்தி வைத்திருந்தார். மார்க்கோ வந்து, கால் சுட்டதால் ஓடிவந்து நாற்காலியில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

கமலா தட்டை வைத்தார். மேலே மாம்பழக் கூழ். புட்டிங் ஒரு முறை ஆடி நின்றது. மார்க்கோ ஒன்றைச் சாப்பிட்டார். இரண்டாவது கேட்டார். மூன்றாவதும் வந்தது.

"கேளுங்க சார், ஒரிஜினல் மாதிரியே கீதானு கேளுங்க" என்று பாஸ்கர் என் தோளை இடித்தார்.

கேட்டேன். மார்க்கோ ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன்: "எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அம்மா இதைக் கடையில் பிளாஸ்டிக் கப்பில் வாங்குவார். நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன். இது நன்றாக இருக்கிறது. தயிர் சாதம் இருக்கிறதா?"

பாஸ்கர் வீடியோவை நிறுத்தினார்.

"அப்போ ஓகேன்னு சொல்லலையே."

உடனே செஃப்புக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "கடல்பாசி போட்டா அது பன்னா கோட்டாவே இல்ல ப்ரோ. இத்தாலில ஒருத்தன் தொட மாட்டான்" என்றது குரல். அந்த மேஜையிலேயே ஓர் இத்தாலிக்காரர் மூன்றாவது தட்டை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். கமலா கையில் காலித் தட்டுகளோடு நின்றார். நகரவில்லை.

செஃப், தான் அனுப்பும் பையனுக்கு ஏசி ரூமும் வாரம் ஒரு லீவும் வேண்டும் என்று ஆரம்பித்தார். பாஸ்கர் போனை வைத்தார். கமலா பக்கம் திரும்பினார்.

"சரி கமலாம்மா. நீங்கதான் இன்சார்ஜ்."

கமலா முகத்தில் வந்தது முழுச் சிரிப்பு. அதுவரை நான் அதைப் பார்த்ததில்லை.

"ஆனா ஒண்ணு. ஃப்ரிட்ஜ் இனிமே உங்க பொறுப்பு. நைட்டு சாத்துறப்ப நான் இருந்தா மெயினை எறக்கிடுவேன், கை தானா போவுது. நீங்க கூட நின்னு ஞாபகப்படுத்தணும்."

"நாலு மணிக்குப் போலாம்னீங்க?"

"காலையில வாங்க, வேலைய முடிங்க, சாத்திட்டுப் போங்க. இன்சார்ஜ்னா அப்படித்தாம்மா."

ஃப்ரிட்ஜுக்குத் தனி லைன் இழுத்தால் எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை என்றேன்.

"வாஸ்து பார்த்து வெச்ச மெயின் சார் அது. அதுல கை வைக்கக் கூடாது."

கமலா தட்டுகளை மேஜைமேல் வைத்தார். முன்னால் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்தார்.

"இன்சார்ஜ நீங்களே வெச்சுக்கோங்க மொதலாளி. அந்த மெயினுக்குப் பக்கத்துல ஒரு சேர் போட்டு ஒக்கார வைங்க."

மார்க்கோவுக்குத் தயிர் சாதம் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் படியிறங்கினார்.

இளைஞர்களுக்கு நான் சொல்வது இரண்டு. ஒரு பொருள் எதிலிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, அது உடம்புக்கு நல்லது என்று ஒருவர் பதில் சொன்னால் அவரை அன்றைக்கே பஸ் ஏற்றிவிடுங்கள். சுவருக்கு பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஃப்ரிட்ஜுக்குத் தனி லைன் இழுங்கள்.

கமலா இப்போது வேங்கிக்காலில் அரசு அலுவலகங்களுக்குப் பக்கத்தில் ஒரு கேன்டீனில் சமைக்கிறார். ஐந்து மணிக்குக் கேன்டீனை மூடிவிடுகிறார்கள்.