பூக்கடை பூட்டியிருந்த மாதம்

பாரிஸில் லாச்சப்பல் பக்கம் போகவேண்டும் என்றாலே மகாலிங்கத்துக்கு இப்போது வயிறு பற்றி எரியும். இருபது வருடம் அவர் பூக்கடை வைத்திருந்த தெரு அது. மல்லிகை, செவ்வந்தி, வாழையிலை, கர்ப்பூரம், தேங்காய் என்று சுவாமி காரியத்துக்கு வேண்டிய எதற்கும் பாரிஸ் தமிழர்கள் அவரிடம்தான் வந்தார்கள். இன்று நகருக்கு வெளியே, கூசேன்வில்லுக்குப் பக்கத்து விமான நிலையத்தில் மற்றவர்களின் பெட்டிகளைத் தூக்கிப்போடுகிறார்.

அந்தத் தெரு எங்களுடையது என்று நம்மவர்கள் மார்தட்டுவதில் பாதி பொய். தமிழர் அங்கே கால் வைக்குமுன்பே மாலியிலிருந்தும் செனகலிலிருந்தும் வந்தவர்கள் கடை போட்டு, குடியேறி, பிள்ளை பெற்று அதை ஒரு தெருவாக்கியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கூம்பா. மகாலிங்கத்தின் கடைக்கு அடுத்த கதவு அவளுடையது, ஆபிரிக்கப் பெண்களுக்குத் தலை பின்னிவிடும் கடை. மகாலிங்கம் கடை திறந்த புதிதில், மின்சாரக்காரர்களோடு பேசப் பாஷை போதாமல் திண்டாடியபோது, அவருக்காகப் போய்ச் சண்டை பிடித்து வெளிச்சம் வாங்கித் தந்தவள் அவள்தான்.

அந்த நன்றி மகாலிங்கத்துக்கு இல்லாமலில்லை. ஆனால் கூம்பாவின் கடையிலிருந்து மயிர் பறந்து வாசலுக்கு வந்துவிட்டால் மனிதருக்குப் பொறுக்காது. தும்புத்தடியால் விறுவிறென்று கூட்டிக்கொண்டே, “சுவாமிக்குப் போற பூவிலை மயிர் விழுந்தால் ஆர் பதில் சொல்லுறது?” என்று தமிழில் முணுமுணுப்பார். அவளுக்குத் தமிழ் தெரியாது. முகம் பார்க்கத் தெரியும்.

தெரு மாறத் தொடங்கியதை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். தெருக்கோடியில் மாலித் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியை இடித்துக் கண்ணாடி வைத்த மாடிவீடுகள் கட்டினார்கள். பிறகு ஒரு கோப்பிக் கடை. பிறகு, சனம் வரிசையில் நின்று சூளைச் சூட்டோடு பாண் வாங்கும் ஒரு கடை. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அந்த இடம் மெத்தப் பிடித்துப்போயிற்று. எவ்வளவு கலகலப்பு, எவ்வளவு நிறம் என்று மெச்சினார்கள். ஆறு மாதத்தில் சாம்பிராணிப் புகை மூக்கை அடைக்கிறது, தலை பின்ன வரும் பெண்கள் உரத்துச் சிரிக்கிறார்கள் என்று புகார் எழுதினார்கள். பிடித்துப்போன இடத்தை ஏன் மாற்றவேண்டும் என்று அவர்களிடம் யார் கேட்பது!

கடைசியில் அவர்களுடைய கட்டடத்தையே ஒரு கம்பனி வாங்கியது. கூம்பா அன்றே மகாலிங்கத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

“மகா, கவனமாகக் கேள். எங்களைச் சும்மா எழுப்ப இவர்களால் முடியாது, நட்டஈடு தரவேண்டும். ஆனால் கடை பூட்டிக் கிடந்தால் ஒரு சதமும் தரத் தேவையில்லை. என் சிநேகிதிகள் இரண்டு பேர் அப்படித்தான் தெருவுக்கு வந்தார்கள். காய்ச்சல் என்றாலும் கதவைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே படு.”

சொன்னபடி அவள் செய்தும் காட்டினாள். ஊரில் தாய் செத்த செய்தி வந்த அன்றும் கடையைத் திறந்தாள். கண்ணீர் வழிய வழிய ஒரு கலியாணப் பெண்ணுக்குத் தலை பின்னினாள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த மகாலிங்கம், இப்படியும் ஒரு பிழைப்பா என்று நினைத்தார்.

அடுத்த வசந்தத்தில், புறநகரான பொண்டியில் இருந்த வீட்டில், மகாலிங்கத்தைப் பெற்ற ஐயா கண்ணை மூடினார். சாவு வீட்டுக்காரன் துடக்கு கழியும்வரை சுவாமிப் பூவைத் தொடக்கூடாது. தொட்டாலும் யார் வாங்குவார்கள்? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை கடையைப் பூட்டினார். பூட்டி, கதவில் ஒரு கடதாசியும் ஒட்டினார்: “துடக்கு காரணமாகக் கடை பூட்டு.” தமிழில் மட்டும். வாடிக்கையாளர் எல்லாரும் தமிழர்தானே என்ற நினைப்பு.

இரண்டாம் நாளே கம்பனி அனுப்பிய ஆள் வந்து, பூட்டிய கதவைப் படமெடுத்து, ஒரு மாதத்துக்குள் திறக்காவிட்டால் கடை போய்விடும் என்ற அறிவித்தலைச் செருகிவிட்டுப் போனான். கூம்பா உடனே மகாலிங்கத்தைத் தொலைபேசியில் பிடித்து அதை வாசித்துச் சொன்னாள்.

“பூட்டின் திறப்பை என்னிடம் தா, மகா. நான் திறந்துவைத்து உட்காருகிறேன். பூவுக்குக் காசு வாங்க எனக்குத் தெரியாதா?”

அந்த ஒரு சொல்லுக்கு ஓம் என்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. மகாலிங்கத்தின் கண்முன் வந்து நின்றது அவளுடைய உள்ளங்கை. எண்ணெயும் மயிரும் ஒட்டிய கை. அந்தக் கை பிள்ளையாருக்குப் போகும் மாலையைத் தொடுவதா?

“வேண்டாம் மதாம். ஒரு மாதம்தானே. அப்பா செத்தது என்றால் யாரும் விளங்கிக்கொள்வார்கள்” என்றார்.

“சரி” என்று கூம்பா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

பக்கத்தில் நின்ற மனைவி பூரணிக்கு ஆத்திரம் வந்தது. “அந்த மனுசி தானாக் கேக்குது. ஏனப்பா குடுக்கேல்லை?”

“உமக்கு விளங்காது, சும்மா இரும்.”

அந்தியேட்டி முடிந்தது. வீடு கழுவியாயிற்று. தவணை முடியுமுன் மறுநாளே ஓடிப்போய்த் திறந்திருக்கலாம். அப்போதும் மனிதர் நல்லநாள் பார்த்தார். வெள்ளிக்கிழமை காலை குளித்து, திருநீறு பூசி, புதுச் செவ்வந்தியோடு போனால், கதவில் வேறு பூட்டுத் தொங்கியது.

சட்டத்தரணி கையை விரித்தார். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், வெல்வது சந்தேகம் என்றார். பூசைக்கு வந்த ஐயர் இன்னும் நன்றாக நெருப்பு வைத்தார். “இஞ்சை கனபேர் துடக்கைப் பதினாறாம் நாளோடை முடிக்கினம் அண்ணை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பனே!” கூம்பா அடுத்த வருடம் நட்டஈட்டை வாங்கிக்கொண்டு புறநகரான பியர்ஃபித்தில் கடை போட்டாள்.

இவ்வளவுக்கும் பிறகு, இந்த ஓகஸ்ட் மாதப் பிள்ளையார் தேருக்குப் பூரணி இழுத்த இழுப்பில் மகாலிங்கம் லாச்சப்பலுக்கு வந்தார். வரமாட்டேன் என்றவர், கையில் ஒரு தேங்காயோடு கால் போன போக்கில் பழைய வாசலுக்கே வந்து நின்றார். அங்கே கூம்பாவும் நின்றாள், தேர் பார்க்க வந்தாளாம். பழைய கடையில் இப்போது காய்ந்த பூ விற்கிறார்கள். ஆம், காய்ந்த பூ. இருபது வருடம் அவர் குப்பையில் கொட்டியதைக் கட்டுக்கட்டாகக் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கதவு பூட்டியிருந்தது. பிரெஞ்சில் அழகான எழுத்தில் ஒரு அட்டை தொங்கியது.

“என்னவாம்?” என்றார், வாசிக்கத் தெரிந்தும்.

“கடற்கரைக்குப் போயிருக்கிறார்களாம்” என்றாள் கூம்பா. “ஓகஸ்ட் முழுக்கப் பூட்டு. செப்டெம்பரில் சந்திப்போமாம்.”

ஒரு மாதம். யாரும் வந்து படமெடுக்கவில்லை. யாரும் அறிவித்தல் செருகவில்லை.

“மதாம், அன்றைக்கு நான் திறப்பை…” என்று தொடங்கினார் மகாலிங்கம்.

“தெரியும்” என்றாள் அவள். “அன்றைக்கே தெரியும்.”

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாதஸ்வரம் நெருங்கியது. தேர் திரும்பியது. சனம் கைகூப்பியது. மகாலிங்கம் தேங்காயைத் தலைக்குமேல் ஓங்கி, அந்தக் கதவின் முன்னால் அடித்தார். சிதறிய சில் கூம்பாவின் செருப்புவரை தெறித்தது. பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.