பொட்டு வைக்க ஓர் இடம்

என் கணவரைப் பெரிய கண்டுபிடிப்பாளர் என்று இப்போது சொல்கிறார்கள், அவர் போன பிறகு. உயிரோடு இருந்தபோது நான் அவருக்கு வைத்திருந்த பெயர் பித்துக்குளி.

வேலம்பாளையத்தில் பனியன் துணி பின்னும் ஒரு யூனிட்டில் அவர் எலக்ட்ரீஷியன். நான் அங்கேயே, துணியில் குறை பார்க்கும் செக்கிங். நிட்டிங் மெஷின் வட்டமாகச் சுற்றிச் சுற்றித் துணியைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதையே பார்த்துக்கொண்டு நின்றால் கண் சொக்கும். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதக்கும். மெஷின்கள், ஆட்கள், சுவரில் மாட்டிய சாமி படம், எல்லாமே தண்ணீருக்கு அடியில் இருப்பதாகத் தோன்றும். அந்த மயக்கத்தில் நான் கொட்டாவி விடுவேன். அவர் கனவு காண்பார்.

நூல் அறுந்து துணியில் ஓட்டை விழுந்தால், யாராவது பார்த்து நிறுத்தும்வரை மெஷின் பாட்டுக்கு ஓட்டைத் துணியை ஓட்டித் தள்ளும். அவருக்கு அது பொறுக்கவில்லை. "மெஷினுக்கு ஒரு கண்ணு வெச்சா என்ன?" என்று ஒரு நாள் சோற்றில் கையை வைத்துக்கொண்டே கேட்டார். "மொதல்ல சோத்தத் தின்னுங்க" என்றேன்.

இரண்டு வருஷம் அதே நினைப்பு. வீட்டில் ஒரு டம்ளர் வைக்க இடமில்லை, எங்கே பார்த்தாலும் ஒயர். நான் கத்துவேன். அவர் எங்கோ தூரத்தில் மழை பெய்கிறதைக் கேட்பவர் போலச் சிரிப்பார். கடைசியில் கையடக்கமாக ஒரு தகரப் பெட்டி பிறந்தது. நடுவில் காசளவு வட்டக் கண்ணாடி. அதன் வழியாக ஒரு வெளிச்சம் போய்த் துணியில் பட்டுத் திரும்பி வரும். ஓட்டை வந்தால் வெளிச்சம் திரும்பாது, மெஷின் நின்றுவிடும். முதல் தடவை அது தானாக நின்ற மதியம், அந்த ஷெட்டில் திடீரென்று விழுந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. திட்டிய வாயாலேயே, இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுங்க என்றேன்.

முதலாளி நல்ல மனுஷர். விஜயதசமி அன்று காலை பக்கத்து யூனிட் முதலாளிகளைக் கூப்பிடுகிறேன், ஓட்டிக் காட்டு என்றார். முதலாளி அப்படிச் சொன்ன அன்று வீட்டுக்கு வரும் வழியில் இவர் சொன்னார்: "இது அவிங்களுக்குப் புடிக்கலைன்னா உட்டுர்றேன் புள்ள. தாராபுரத்துல அண்ணன் கடையில மோட்டாருக்குக் காயில் கட்டிக்கிட்டு இருந்துக்கறேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. மெஷின், கத்தரிக்கோல், தராசு, ஆபீஸ் கம்ப்யூட்டர், எதையும் விடாமல் துடைத்துப் பொட்டு வைப்பது செக்கிங் பெண்களான எங்கள் வேலை. இவர் பொரி வாங்கப் போயிருந்தார். நான் பெட்டியின் முன்னால் வந்து நின்றேன். ஊருக்கே பொட்டு வைத்துவிட்டு இதற்கு மட்டும் வைக்காமல் விட மனசு வருமா? கண் பட்டுவிடக் கூடாதே! நடுவில் அந்த வட்டம் பொட்டுக்கென்றே செய்ததுபோல இருந்தது. சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். சாமி, இவர் ஆசை பலிக்கோணும் என்று கும்பிட்டேன்.

மறுநாள் காலையில் பார்த்தபோதுதான் உறைத்தது. ஐயையோ, வைத்தது கண்ணின் மேலல்லவா! அவசரமாக முந்தானையால் துடைத்தேன். குங்குமம் போயிற்று. கண்ணாடி மட்டும் புரை விழுந்தது போல லேசாக மங்கியிருந்தது. அதற்குள் வாசலில் கார்கள் வந்துவிட்டன. நான் வாயைத் திறக்கவில்லை.

இவர் மெஷினை ஓட விட்டு, எல்லார் கண் முன்னாலும் ஒரு நூலை அறுத்தார். துணியில் ஓட்டை விழுந்தது. மெஷின் நிற்கவில்லை; வெளிச்சம் துணிவரை போகாமல் கண்ணாடியில் படிந்த சந்தனத்திலேயே பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. இன்னொரு நூல். இன்னொரு ஓட்டை. அது சுற்றிக்கொண்டே இருந்தது. "கண்ணு இருக்குதுங்க, பார்வைதானுங்க இல்ல" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். இவர் கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தப்பு என்ற மேலதானுங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு மெஷினை நிறுத்தினார்.

பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. நான் சொல்லியிருக்க வேண்டும். பயம். சொல்லாததற்குப் பதிலாக உப்புக்கும் புளிக்கும் அவரோடு சண்டை போட்டேன். தாராபுரத்து அண்ணனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை அந்தப் போன் அடிக்கும்போதும் நான் பாத்திரம் கழுவப் பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கி எழுந்து வந்தேன். இவர் தரையில் உட்கார்ந்து புதுப் பெட்டி ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தார். கண்ணாடி இப்போது ஒரு சின்னக் குழாய்க்குள் ஆழமாக, விரல் எட்டாத இடத்தில் இருந்தது. பெட்டியின் தலையில் வட்டமாக ஒரு பித்தளைத் தகடு.

"இது எதுக்குங்க?"

"பொட்டு வைக்கறதுக்கு."

அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திருகுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் புள்ள. தொட்ட வெரலு சந்தனமா மணத்துச்சே."

அழுதுகொண்டிருந்த எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? அங்கயே தொடச்சுப் போட்டு மறுக்கா ஓட்டிக் காட்டறதுக்கு என்னங்க?"

"என்னாச்சுன்னு கேப்பாங்க. சொல்லோணும். சிரிச்சுட்டிருந்தவிங்க எல்லாம் உன்ற பக்கம் திரும்பியிருப்பாங்க. உன்ற மூஞ்சியப் பார்த்தேன், எனக்கு வாய் வரல." ஒரு திருகாணியை இறுக்கிவிட்டு அவரே சொன்னார்: "அதுவுமில்லாம, ஆயுத பூஜை வருசா வருசம் வரும். நீ வைக்காட்டி இன்னொருத்தி வைப்பா. வெச்சது தப்பில்ல. வைக்க எடம் உடாம செஞ்சது என்ற தப்பு. அதத்தான் அன்னிக்கே சொன்னேன்."

அந்தப் பெட்டி நிலைத்துவிட்டது. எங்கள் யூனிட்டில் தொடங்கி ஊரெல்லாம் போயிற்று. வாங்கியவர்களைவிட, பார்த்துத் தாங்களே செய்துகொண்டவர்கள்தான் அதிகம். அவர் தாராபுரம் போகவேயில்லை.

அவர் காலமாகி மூன்று வருஷமாகிறது. போன மாதம் முதலிபாளையத்தில் ஒரு புது யூனிட்டுக்குப் போயிருந்தேன். யாரோ செய்த பெட்டி, பிளாஸ்டிக்கில் வழவழவென்று இருந்தது. தலையில் அதே வட்டத் தகடு. எதற்கு என்று அங்கிருந்த இன்ஜினியரைக் கேட்டேன். "உள்ள இருக்கற சூடு வெளிய போறதுக்குங்கம்மா" என்றார். என் கணவர் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. ஒயரை மாற்றியிருக்கிறார்கள், கண்ணாடியை மாற்றியிருக்கிறார்கள். என்னைக் காப்பாற்ற அவர் வைத்த தகட்டை மட்டும், எதற்கென்றே தெரியாமல், ஒருவரும் எடுக்கவில்லை. "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஓவென்று அழுதேன்.