பூஜையில் ஓடிய கம்ப்யூட்டர்

விரட்டினார்களாம்! யார், யாரை விரட்டியது? லிங்கராஜை யாரும் விரட்டவில்லை, அவனாகத்தான் ஆபீஸ் வாசலைத் தாண்டி வந்தான். தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டுச் சண்முகத்தாய் பேசுகிற பேச்சைக் கேட்டால் காதைக் கழுவ வேண்டியிருக்கிறது.

"ஏளா, கறுப்புத் திரையில வெள்ளை வெள்ளையா எழுத்து ஓடுமாம். களவாணிப் பயலுவதான் அப்படி வச்சிருப்பானுவளாம். அதை ஆபீசுலயும் ஏத்தி எல்லாத்தையும் கெடுத்துட்டானாம்."

அந்தக் களவாணி வீட்டு வாசலில்தான் ஒரு நாள் இவளே, மகள் கல்யாணப் படமெல்லாம் செல்போனிலிருந்து போய்விட்டது என்று மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள். மீட்டுக் கொடுத்தபோது மட்டும் அவன் தங்கமான பிள்ளை. தூ!

நடந்தது இதுதான். துறைமுகத்துக்குப் போகிற சரக்குக்குக் காகிதம் போட்டுக் கொடுக்கிற ஆவுடையப்பன் அண்ணாச்சி ஆபீசில், தன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே லிங்கராஜ்தான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். ஆபீசில் ஒரு பழைய பெட்டி. புது விண்டோஸ் அதில் ஏறாது என்று கடைக்காரன் கையை விரித்துவிட்டான். "எடுத்துட்டுப் போலே, இடத்தை அடைக்கி" என்று அண்ணாச்சியே சொன்னார். திருடிக்கொண்டு வரவில்லை, தெருவே பார்க்கத்தான் சைக்கிளில் கட்டி வந்தான்.

வீட்டில் திறந்து பார்த்தால் குமட்டியது. துறைமுகத்து நிலக்கரித் தூசி பிசினாய் அப்பிக் கிடந்தது. உப்புக்காற்றில் துருப்பிடித்த ஆணிகள், பல்லி எச்சம், காற்றாடிக்குள் செத்த கரப்பான். அண்ணாச்சி வடை தின்ற கையோடு தொட்டுத் தொட்டு, பொத்தானெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. பெயின்ட் அடிக்கிற பிரஷை வைத்து ஒவ்வொன்றாய்த் துடைத்தான். பிறகு பென்டிரைவில் கொண்டுவந்த லினக்ஸை ஏற்றினான். அதுவும் விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுவதுதான், காசில்லாமல் கிடைப்பது, பழைய பெட்டியிலும் ஓடும். முதலில் சத்தம் வரவில்லை, பிரிண்டர் முறைத்துக்கொண்டு நின்றது. அதைச் சரிக்கட்டத்தான் கறுப்புத் திரையில் தட்டிக்கொண்டு கிடந்தான்.

"தாலி கட்டுனது எனக்கா, அந்தப் பொட்டிக்கா?" என்றாள் அவன் பெண்டாட்டி சந்தனச்செல்வி.

"கொஞ்சம் பொறு. இதுல எல்லாமே தமிழ்ல வரும், நீயே தட்டலாம்."

வந்தது. அவளே தன் தையல் கடைக்கு விலைப்பட்டியல் அடித்து ஒட்டினாள். அதற்குப் பிறகு பெட்டியைத் திட்டவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அந்த ஆபீசில் பூஜையில் வைத்த சாமானை மறுநாள் தீபம் காட்டி எடுக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது, ஓட்டக்கூடாது. ஒவ்வொரு வருஷமும் அண்ணாச்சி சந்தனத்தைக் குழைத்துக் கம்ப்யூட்டரில் காற்றுப்போகிற ஓட்டையிலேயே அப்புவார். மறுநாள் லிங்கராஜ் பிரஷால் சுரண்டுவான்.

இந்த வருஷம் ஆபீசில் ஓடுகிற கம்ப்யூட்டரை அணைக்கும்போது விண்டோஸ் தன்னைப் புதுப்பிக்க ஆரம்பித்துவிட்டது. "தானா அணையும் அண்ணாச்சி, தொட்டுராதிய" என்று சொல்லிவிட்டுப் பொரி வாங்கப் போனான். தீபாராதனை நேரத்தில் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்ததை அண்ணாச்சி பார்த்துவிட்டார். அம்மன் முன்னால் வைத்த பிறகும் வேலை பார்க்கிறதே! தட்டைக் கீழே வைத்தார், ஒயரைப் பிடுங்கினார்.

மறுநாள் திறந்தால், பாதியில் நின்றுபோன விண்டோஸ் கெட்டு, வெறும் நீலத்திரைதான். உலர்பூ ஏற்றுமதி செய்கிற தேவபிரசாதத்தின் காகிதமெல்லாம் அதற்குள். எல்லாவற்றையும் அழித்துத்தான் புதிதாய் ஏற்ற முடியும் என்றான் கடைக்காரன். லிங்கராஜ் தன் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்தே லினக்ஸை ஓட்டி, உள்ளே இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாய் வேறொரு டிஸ்கில் எடுத்தான். ஒன்றும் போகவில்லை. ஆனால் துறைமுகத்துக்குள் சரக்கை விடுகிற நேரம் போய்விட்டது. கப்பல் கிளம்பிவிட்டது, பூப்பெட்டிகள் சரக்கு நிறுத்துகிற யார்டிலேயே நின்றன.

தேவபிரசாதம் போனில் கத்தினார். அண்ணாச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு லிங்கராஜிடம் குனிந்தார். வாயில் வெற்றிலை.

"ஏலே, நீ லினக்ஸ் ஏத்தி கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டேன். வேலையும் இருக்கும், பூஜைப் பணமும் இருக்கும்."

"காயிதத்தை எடுத்துக் குடுத்ததே அதுதானே, அண்ணாச்சி?"

"அது அவருக்குத் தெரியவா போவுது? பூஜைக்கு நான் ஒயரைப் புடுங்கினேன்னு தெரிஞ்சா, எந்த ஏற்றுமதிக்காரனாவது இனி நம்மகிட்ட சரக்கு குடுப்பானா?"

லிங்கராஜுக்கு வீட்டு வாடகை நினைவு வந்தது, சந்தனச்செல்வியின் முகம் நினைவு வந்தது. சொல்லிவிடலாம் என்றுகூட வாயைத் திறந்தான். அதற்குள் அண்ணாச்சி அவன் வாயருகே போனை நீட்டி, "இந்தா, பய ஒத்துக்கிட்டான், அவனே சொல்லுதான் கேளுங்க" என்றார். பல்லெல்லாம் சிவப்பாய் இளித்தது. செத்த கரப்பானைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவன் போனைக் கையில் வாங்கினான்.

"தேவபிரசாதம் அண்ணாச்சி, நான் லிங்கராஜ்" என்றான் போனில். "பூஜையில ஓடுதேன்னு முதலாளிதான் ஒயரைப் புடுங்குனாவ. என் கை அதுல படல. உங்க காயிதம் முழுசும் பத்திரமா இருக்கு."

அண்ணாச்சி வெற்றிலையைக் குப்பைக்கூடையில் துப்பினார்.

"வாசலைத் தாண்டுனா திரும்ப ஏறப்பிடாது, பாத்துக்க!"

விரட்டியது என்று சண்முகத்தாய் சொல்கிறாளே, அது இந்தப் பேச்சைத்தான். அவன் அதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டான். பென்டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டான். போகிற போக்கில் கம்ப்யூட்டர் ஓட்டையில் காய்ந்து இறுகிய சந்தனம் கண்ணில் பட, பழக்கத்தில் மேசைமேல் கிடந்த தன் பிரஷை எடுத்து நீட்டினான். நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டு, பிரஷையும் பையில் செருகி, செருப்பை மாட்டினான்.