அம்மா வைத்த டைமிங்

காவிரியில் தண்ணீர் வராமல் குறுவையும் கைவிட்டுப்போன பிறகுதான் அப்பா மஸ்கட்டுக்குக் கிளம்பினார். குடவாசல் பக்கத்தில் அப்போது வீட்டுக்கு ஒருவராவது கிளம்பிக்கொண்டிருந்தார்கள். திருச்சி விமான நிலையத்துக்கு வாடகைக் கார் பேசலாம் என்றார்கள். அப்பா கேட்கவில்லை. தாத்தா வாங்கிய பழைய காரில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அந்தக் காருக்கு டைமிங் வைப்பது அப்பாவுக்குப் பூஜை மாதிரி. பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, என்ஜின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி அதை நூலளவு அப்படியும் இப்படியும் திருப்புவார். அது சரியாக நின்றால்தான் பிளக்கில் பொறி உரிய நேரத்தில் விழுமாம். அம்மாவின் வேலை டார்ச் பிடிப்பது மட்டும். கிளம்புவதற்கு முதல் நாளும் அப்படித்தான் வைத்தார்கள்.

மறுநாள் ராகு காலத்துக்கு முன்பே புறப்பட வேண்டும். தேங்காய் உடைத்தாயிற்று. படியிறங்கியவர் மறுபடி உள்ளே போகக் கூடாதென்று அத்தை வாசலை மறித்து நின்றாள். அம்மாவின் தம்பி, என் மாமா, காருக்கு முன்னால் குனிந்து, என்ஜினைக் கிளப்பும் இரும்பு ஹாண்டிலைச் செருகிச் சுற்றினார். டமாரென்று வெடித்தது. ஹாண்டில் எதிர்ப்பக்கமாக உதறி அவரைத் தூக்கி எறிந்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் மண்ணில் புரண்டார்.

"ஐயையோ! கார் கிளம்பாம நின்னுடும்னு நெனச்சுத்தாங்க திருப்பி வச்சேன். இப்படி அடிக்கும்னு தெரியாதுங்க!" அம்மா அலறினாள்.

விடிகாலையில் கோலம் போட எழுந்தவள், பானெட்டைத் திறந்து டைமிங்கைக் கலைத்திருக்கிறாள்! என் அம்மாவா? என்னால் நம்பவே முடியவில்லை.

மாமாவுக்கு எலும்பு முறியவில்லை, கை பிசகியதோடு போயிற்று. அப்பா கத்தப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ ஸ்பானரை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

"நீயே சரி பண்ணு, போறேன். இல்லேன்னா பெட்டிய இறக்கிடுறேன். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு."

அம்மா என்னையும் என் குட்டித் தம்பியையும் ஒருதரம் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. அத்தை ராகு காலத்தை நினைவூட்டினாள். கடைசியில், "இப்பச் சுத்துங்க" என்றாள். மாமாவை அடித்த அதே ஹாண்டிலை அப்பா யோசிக்காமல் பிடித்தார். முதல் சுற்றிலேயே என்ஜின் சீராக ஓடத் தொடங்கியது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை; கைதட்டினேன். எங்கள் அம்மாவுக்குக் கார் டைமிங் வைக்கத் தெரியும் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். ஒரே ஒரு போல்ட்டை முறுக்க அவளுக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.