பதிவாகாத பழுதுகள்

எங்கள் அலுவலகத்தில் காப்பி இயந்திரம் நின்றுபோனால் யாரும் அதைத் தட்டிப் பார்ப்பதில்லை. நெதர்லாந்துக்காரர்கள் முதலில் பழுதைப் பதிவு செய்வார்கள், அடுத்து 'வேலை செய்யவில்லை' என்று தாள் ஒட்டுவார்கள், பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு நிம்மதியாக இடத்துக்குப் போய்விடுவார்கள். வந்த புதிதில் நான் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டி அதை ஓடவைத்தேன். யாரும் நன்றி சொல்லவில்லை. "பதிவு செய்தாயா?" என்று கேட்டார்கள்.

மதுரையில் நான் வேலை பார்த்த குழு இதற்கு நேர் எதிர். இதே நிறுவனத்தின் பழைய மென்பொருள் ஒன்று, கிடங்கிலிருந்து கடைகளுக்குச் சரக்கைப் பிரித்து அனுப்பும். ஆனையூரிலிருந்தும் பேரையூரிலிருந்தும் வந்து சேர்ந்த ஏழெட்டுப் பேர் அதைப் பார்த்துக்கொண்டோம். இரவில் அது எதையாவது சொதப்பிவைக்கும். மதுரையில் முன்னதாகவே விடிந்துவிடுவதால், இங்கே நெதர்லாந்தில் யாரும் கணினியைத் திறப்பதற்குள் சரிசெய்துவிடுவோம். சொல்ல மாட்டோம். விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டியவர்கள், கூட்டினோம் என்று அறிவிப்பார்களா?

இங்கு மாற்றலாகி வந்தபின் என்னை என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் படிக்க அனுப்பினார்கள். நிறுவனத்தின் மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவர வேண்டும். எது எதை நம்பி ஓடுகிறது, யாருக்குப் பயன்படுகிறது, தொழிலுக்கு என்ன மதிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு, கடைசியில் முத்திரை குத்த வேண்டும்: வைத்துக்கொள், வளர்த்தெடு, மாற்று, நீக்கு. எனக்குப் பிடித்த படிப்புதான். எல்லாமே பட்டியல்.

மதுரை மென்பொருளின் முறை வந்தது. அதை நீக்கினால் குழுவும் போய்விடும். நான் அனுப்பிய கேள்விகளில், கடந்த ஆண்டின் பழுதுகள் எத்தனை என்ற இடத்தில் குழுத்தலைவர் சகாயராஜ் அண்ணன் பூஜ்யம் என்று எழுதியிருந்தார். உடனே அழைத்தேன்.

"என்னண்ணே இது? தெனமும்தான ஏதாவது ஒண்ணு புட்டுக்கிட்டுப் போகும்?"

"நீ கேக்குறன்னுதான்த்தா சுத்தமாக் குடுத்தோம். அம்புட்டையும் எழுதுனா வெள்ளக்காரன் ஒன்னைய என்ன நெனப்பான்?"

"எழுதலன்னா நீங்க சும்மா ஒக்காந்திருக்கீங்கன்னு நெனப்பான்."

"நெனச்சுட்டுப் போறான். சரக்கு போகுதுல்ல?"

பின்னாலிருந்து, குழுவில் இருக்கும் பாண்டியின் குரல் கேட்டது. "அண்ணே, அங்கிட்டு பொரோட்டா கெடைக்குதான்னு கேளுங்க. இல்லாட்டி அதையும் பதிவு பண்ணச் சொல்லுங்க!" எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

என் மேலாளர் யோரிஸிடம் நானே சொன்னேன். "பூஜ்யம் என்பது சரியல்ல. ஒவ்வொரு காலையும் நாம் வருமுன் அவர்கள் சரிசெய்துவிடுகிறார்கள்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தினமுமா பழுதாகிறது?"

"ஆமாம். அதனால்தான் அவர்கள் தேவை."

"இல்லை, அதனால்தான் அதை உடனே நீக்க வேண்டும். நல்லவேளை சொன்னாய்."

பூஜ்யம் என்றால் குழு தேவையில்லை. பூஜ்யம் இல்லையென்றால் மென்பொருளே தேவையில்லை. பாடத்தில் இதற்குப் பெயர் மதிப்பீடு. வரைபடத்தில் 'நீக்கு' என்ற சிவப்பு முத்திரையை நான்தான் வைத்தேன். வைக்கத் தெரிந்தவள் அங்கு நான் ஒருத்திதான்.

புதிய மென்பொருள் வந்த வாரமே தடுமாறியது. ஒவ்வொரு தடுமாற்றமும் முறையாகப் பதிவானது. அவற்றைத் தீர்க்க வந்த ஆலோசகர்களுக்குக் கூட்டத்தில் கைதட்டல் கிடைத்தது. பத்து ஆண்டுகள் ஒரு லாரியையும் தவறவிடாதவர்களின் பெயர்கூட அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது.

மதுரையில் கடைசி நாளன்று கேக் வெட்டினார்கள். வீடியோவில் என்னையும் கூப்பிட்டார்கள். யோரிஸும் மரியாதைக்காக வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். குழுப்படம் எடுக்கும்போது நான் நழுவப் பார்த்தேன். "எங்கத்தா போற? நீயும் நம்ம டீம்தான, நில்லு," என்று அதட்டிவிட்டு, சகாயராஜ் அண்ணன் மடிக்கணினியைத் தூக்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டார்.

அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. வேலை போனவர்கள் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறார்கள். நடுவில், அண்ணனின் கைகளுக்குள், ஒரு கண்ணாடிச் சதுரத்தில் நான். என் முதுகுக்குப் பின்னால் யோரிஸ் கைதட்டிக்கொண்டிருக்கிறார்.